வெறுங்கைச் சட்டம்

நாற்புறமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கின் நடுவில் ஓர் ஏரி இருந்தது. ஏரியைச் சுற்றி வட்டமாக ஒரு மண்கரை. கரைக்கு வெளியே, ஏரியைவிடத் தாழ்ந்த நிலத்தில், ஏழு நாடுகள். அவற்றுக்கு ஏழு மன்னர்கள், ஏழு கொடிகள், ஏழு சுங்கச்சாவடிகள் இருந்தன. கரை மட்டும் ஒன்றுதான்.

ஏழு நாட்டாரும் குடித்தது அந்த ஏரித் தண்ணீரை. குப்பை கொட்டியதும் அதே ஏரியில். சாயப்பட்டறைக் கழிவு, சூளைச் சாம்பல், அரண்மனை விருந்துகளின் எச்சில் இலைகள் எல்லாம் அங்கே போயின. ஏரியின் அடித்தரை உயர்ந்தது. தரை உயர்ந்ததால் தண்ணீரும் உயர்ந்தது.

மன்னர்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் நாட்டை ஒட்டிய கரையை மட்டும் ஒரு முழம் உயர்த்தினார். உடைந்தால் பக்கத்து நாட்டில் உடையட்டும் என்பது திட்டம். பக்கத்து மன்னர் ஒன்றரை முழம் உயர்த்தினார். இதற்குக் கரைப் பாதுகாப்புக் கொள்கை என்று பெயர் வைத்தார்கள். எங்கே உடைந்தாலும் தண்ணீருக்கு மலையைத் தாண்டிப் போக வழி கிடையாது, ஏழு நாட்டையும் நிரப்பிவிட்டுத்தான் நிற்கும் என்று ஏழு மன்னர்களும் அதிகாரிகளும் கூடும் எழுவர் பேரவையில் ஓர் உறுப்பினர் ஒருமுறை சொன்னார். அது மதிய உணவுக்குச் சற்று முன்பு. உணவுக்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏழு நாடுகளும் ஒத்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று இருந்தது. அதுதான் வெறுங்கைச் சட்டம். பழைய காலத்து மன்னர் ஒருவர் வரியை இரட்டிப்பாக்கும் தீர்மானத்தை மக்கள் முன் வைத்தார். வயலிலிருந்து நேராக வந்த ஒருவன் அதை எதிர்த்துக் கையை உயர்த்தினான். கையில் அரிவாள் இருந்தது. அவன் அதை மறந்திருந்தான். மன்னர் அதை மறக்கவே இல்லை. அன்றிலிருந்து வெறுமையாக உயர்ந்த கைதான் வாக்காக எண்ணப்படும் என்று ஆயிற்று. ஒரு கையை உயர்த்துகிறவன் மறு கையில் எதையாவது ஒளித்து வைத்திருக்கலாம் என்று பின்னால் வந்த அமைச்சருக்கு ஐயம் வந்தது. ஆகவே இரண்டு கைகளும் உயர வேண்டும். உயர்ந்த கைகளை எண்ணுவதற்கு ஒரு துறை இருந்தது.

ஏழில் ஒன்றான தாழ்நாட்டில் அந்தத் துறையில் வேலை பார்த்தவன் வளவன். கல்லூரியில் படித்தவன். வாக்கெடுப்பு நாளில் கரையின் மேல் வரிசையாக நிற்கும் மக்களைக் கடந்து நடப்பான். கையில் எண்ணுகோல் என்ற நீண்ட கோல் இருக்கும். இரு கைகளும் வெறுமையாக உயர்ந்திருந்தால் கோலில் கோத்த மணி ஒன்றை மேலே தள்ளுவான். அவ்வளவுதான் வேலை.

ஒரு மழைக்காலத்தில் தாழ்நாட்டுப் பக்கம் கரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அன்றைக்கே அடைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஏரித் தண்ணீர் தெருக்களில் புகுந்திருந்தது. அதோடு காய்ச்சலும் வந்தது. வளவனின் மனைவி பூவரசி அந்தக் காய்ச்சலில் இறந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

குழந்தைக்கு மல்லி என்று பெயர். தாழ்நாட்டில் அப்போது பால் கொடுக்கும் நிலையில் யாரும் இல்லை. எல்லார் வீட்டிலும் காய்ச்சல். வளவன் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையின் மேலே நடந்தான். எங்கே போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. தாழ்நாடும் ஓடைநாடும் சந்திக்கும் இடத்தில் கரையின் மேல் ஓர் எல்லைக்கல் உண்டு. உட்காரும் அளவுக்கு அகலமான கல். அதற்கு அப்பால் ஓடைநாட்டுப் பெண் ஒருத்தி மண் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பெயர் சடைச்சி. கரைக்கு மண் சுமப்பவள். அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது.

"இப்படிக் கொண்டாங்க," என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டவர் சுங்க அதிகாரி சாத்தப்பர். கரைக்குக் கீழே இருந்த சாவடியிலிருந்து மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"நில்லு நில்லு. இது எந்த நாட்டுக் குழந்தை?"

"பசிச்ச குழந்தை," என்றாள் சடைச்சி.

"அது கணக்குல வராது. குழந்தை தாழ்நாடு, பால் ஓடைநாடு. அப்ப இது இறக்குமதி ஆகுது. அனுமதி இல்லாம முடியாது."

"பாலு இறக்குமதியா? ஏன் சாமி, உங்க ஆத்தா எந்தச் சாவடியில தீர்வை கட்டிட்டு உங்களுக்குப் பாலு குடுத்தா?"

சாத்தப்பர் கோபப்படவில்லை. அவர் விதிகளை மதிப்பவர், அதே சமயம் குழந்தையின் அழுகையும் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. சற்று யோசித்தார். எல்லைக்கல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்று ஒரு பழைய விதி இருப்பது அவருக்கு நினைவு வந்தது.

"அந்தக் கல்லு மேல உக்காந்து குடு. அங்க நடக்கிறது எந்த நாட்டுலயும் நடந்ததாகாது. எங்கேயும் நடக்காத விஷயத்துக்குத் தீர்வை போட எனக்கு அதிகாரம் இல்ல."

சடைச்சி கல்லின் மேல் உட்கார்ந்தாள். குழந்தை அழுகையை நிறுத்தியது. சாத்தப்பர் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து தினமும் அந்தக் கல்லின் மேல், எந்த நாட்டிலும் நடக்காத ஒரு காரியம் நடந்தது. வளவன் அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் நின்றான். நடக்காத ஒன்றுக்கு நன்றி சொல்லவும் முறை இல்லை.

நாளாக ஆகப் பேச்சு வந்தது. ஒருநாள் சடைச்சி ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தண்ணி ஏழு நாட்டுக்கும் சேத்துத்தான் ஏறுது. எங்க ராசா எங்களக் கேக்கல, உங்க ராசா உங்களக் கேக்கல. ஏழு நாட்டு சனத்தையும் ஒண்ணாக் கூட்டி வச்சு, கரைய என்ன செய்யலாம்னு நேராவே கேட்டா என்ன? கேட்டா வாய் வெந்துருமா?"

"அப்படி ஒரு வழக்கம் இல்ல," என்றான் வளவன்.

"இந்தக் கல்லுல உக்காந்து பாலு குடுக்குறதும் வழக்கம் இல்லதான்."

இதே எண்ணம் வேறு பலருக்கும் வந்திருக்க வேண்டும். சந்தைகளில், படகுகளில், சாயப்பட்டறைகளில் அந்தக் கேள்வி பரவியது. மன்னர்கள் முதலில் கேள்வியைத் தடை செய்தார்கள். பிறகு எழுவர் பேரவை கூடியது. ஏழு நாடுகளின் எண்ணும் துறைகளுக்கும் தலைவரான வித்தகனார் எழுந்தார். எதையும் நின்றுகொண்டு, கண்களை மூடிக்கொண்டு சொல்வது அவர் வழக்கம்.

"மன்னர் பெருமக்களே, மக்கள் கேட்பது நியாயம். ஏழு நாட்டு மக்களும் நேரடியாக, இடையில் நாம் யாரும் இல்லாமல், முடிவெடுக்கட்டும். இது உலகம் காணாத பெருமை. யாருடைய கை எண்ணப்படும் என்ற சிறிய நடைமுறையை மட்டும் நாம் பார்த்துக்கொள்வோம்."

ஏழு மன்னர்களும் கை தட்டினார்கள். அவர்கள் கைகள் வெறுமையாக இருந்தன.

முதல் வாக்கெடுப்பு நாள் வந்தது. தீர்மானங்கள் இரண்டு. குப்பை கொட்டுவதை நிறுத்திவிட்டு ஏழு நாட்டாரும் சேர்ந்து கரையைப் பலப்படுத்துவது ஒன்று. கரையைப் பற்றி ஆராய்வது மற்றொன்று. காலையிலிருந்தே மழை. ஓடைநாட்டுப் பக்கம் கரையில் நீர் கசிந்தது. மண் சுமப்பவர்கள், படகுக்காரர்கள், சூளையில் வேலை செய்பவர்கள் எல்லாரும் கசிவை அடைக்கப் போய்விட்டார்கள். மலைச்சரிவில் வீடு கட்டியிருந்தவர்கள் குடையோடு வந்து, குடையை வேலைக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றார்கள்.

முதல் தீர்மானத்துக்கான எண்ணிக்கை முடியும் நேரத்தில் சடைச்சி மூச்சிரைக்க ஓடி வந்தாள். முழங்கை வரை சேறு. இடுப்பில், காலையில் வளவன் அவளிடம் விட்டுப்போன மல்லி. வளவன் அவள் முன்னால் நின்றான். அவள் ஒரு கையை உயர்த்தினாள்.

"ரெண்டு கையையும் தூக்கணும்," என்றான்.

"இத எறக்கி விட்டா சறுக்கி ஏரிக்குள்ள போயிரும். உங்க புள்ளதான் இது, அடையாளம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப வாங்கிக்குங்க. நான் தூக்குறேன்."

"எண்ணுகோலைக் கீழ வைக்க எனக்கு அனுமதி இல்ல." பிறகு மெல்லச் சொன்னான். "தூக்கினாலும் கையில சேறு இருக்கு. சேறும் ஒரு பொருள்னு சுற்றறிக்கை வந்திருக்கு."

"கரைய அடைச்சிட்டு வர்றேன். பின்ன என்ன, சந்தனமா இருக்கும்?"

அவன் மணியைத் தள்ளவில்லை. அடுத்த ஆளிடம் நகர்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் அவள், குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "உங்கப்பா நல்லாப் படிச்சிருக்காரு தாயி."

மறுநாள் வழக்கம்போல அவள் கல்லுக்கு வந்தாள். வழக்கம்போலப் பால் கொடுத்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வளவனுக்கு அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆராயலாம் என்ற தீர்மானம் வென்றது. இது ஏழு நாட்டு மக்களின் நேரடித் தீர்ப்பு என்று முரசறைந்தார்கள். தீர்ப்பை நிறைவேற்றும் வகையில் ஆணைகள் வந்தன. ஆராய்ச்சி முடியும்வரை கரையில் எந்தக் கசிவையும் அடைக்கக் கூடாது. அடைத்தால் மக்கள் தீர்ப்பை அவமதித்த குற்றம். கசிவை அடைக்கக் கூடாது என்றால் கூடை எதற்கு என்று அடுத்த ஆணையில் கூடைகளைப் பறிமுதல் செய்தார்கள். ஆராய்ச்சிக் குழு கரையின் மேல் நடந்து பார்த்துவிட்டு, மக்களின் அச்சத்துக்குக் காரணம் தண்ணீர் கண்ணில் படுவதே என்று அறிவித்தது. ஆகவே கரை நெடுக, ஏரிப் பக்கமாக, கெட்டியான நீலத் துணியால் திரை கட்டினார்கள். திரையில் பாதி உயரத்துக்கு அலைகளை வரைந்திருந்தார்கள். தண்ணீர் எப்போதும் பாதி ஏரிக்குத்தான் நிற்பதுபோல இருந்தது. அழகான வேலைப்பாடு. திரைக்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

தாழ்நாட்டுத் தெருக்களில் பாசி பிடித்தது. அடுப்புக்குள் ஈரம் ஏறியதால் சமைப்பது பெரும்பாடானது. மக்கள் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டார்கள். பிறகு ஓடைநாட்டு அரண்மனையின் சமையலறையில் தரைக்குள்ளிருந்து தண்ணீர் ஊறியது. மன்னரின் செருப்பு மிதந்தது. அன்றே பேரவை கூடியது.

"ஒழுகுகிறதோ என்று தோன்றுகிறது," என்றார் ஓடைநாட்டு மன்னர்.

வித்தகனார் கண்களை மூடினார். "தோன்றுவதை வைத்து அரசு இயங்க முடியாது, மன்னா. கரை ஒழுகுகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மக்களுக்கே உண்டு. அவர்களையே கேட்போம். சென்ற முறை சிலர் வரவில்லை என்று முணுமுணுப்பு இருக்கிறது. இம்முறை ஏழு நாட்டிலும் பெரியவர்கள் ஒருவர் விடாமல் கரைக்கு வர வேண்டும். படைவீரர்களும்தான். ஆயுதம், கருவி, குழந்தை எதுவும் கையில் இருக்கக் கூடாது. வராதவர்களுக்குச் சிறை."

அதுதான் மன்னர்கள் செய்த பிழை. அது பிழை என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

அந்த நாளில் மழைத் தூறலில் ஏரியைச் சுற்றிக் கரை முழுவதும் மனிதர்கள் நின்றார்கள். ஏழு நாட்டாரும் தோளோடு தோள் ஒட்டி நின்றது அதுவே முதல்முறை. வட்டத்தில் இடைவெளி எங்கும் இல்லை. வெகுநாள் கழித்து எல்லார் கைகளும் வெறுமையாக இருந்தன. குழந்தைகளை எங்கெங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மல்லியும் சடைச்சியின் மகனும் எல்லைக்கல்லுக்கு நேர் கீழே இருந்த சுங்கச்சாவடியில் இருந்தார்கள். பணியில் இருக்கும் சுங்க அதிகாரிக்கு மட்டும் கரைக்கு வருவதிலிருந்து விலக்கு உண்டு. "ரெண்டையும் சரக்குன்னு எழுதிக்கிறேன், பத்திரமா இருக்கும்," என்று சாத்தப்பர் வாங்கி வைத்திருந்தார்.

கொம்பு ஊதினார்கள். கரை ஒழுகுகிறது என்பவர்கள் கை உயர்த்தலாம் என்று அறிவிப்பு வந்தது. ஏழு நாட்டிலும் கைகள் உயர்ந்தன. வளவன் முதல் மணியைத் தொட்டான்.

அப்போது எல்லைக்கல் சாய்ந்தது.

கல்லுக்கு அடியில் கரை ஈரச் சோறுபோலக் குழைந்து இறங்கியது. தண்ணீர் திரையை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. வளவன் கீழே பார்த்தான். சாவடியின் கூரை தெரிந்தது. ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கலாம் என்று கால் நகர்ந்தது. தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று அடுத்த நினைவு வந்தது. சுற்றிலும் மலை.

சடைச்சி உயர்த்திய கைகளைக் கீழே போட்டாள். நீலத் திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். கூடை இல்லாத நாட்டில் அந்தத் துணிதான் இருந்தது. ஓடைநாட்டுப் பக்கம் கரையை ஒட்டி ஒரு செம்மண் மேடு உண்டு. மன்னர் தம் பங்குக் கரையை மேலும் ஒரு முழம் உயர்த்துவதற்காகச் சேர்த்து வைத்தது. காவல் வீரர்கள் வாக்களிக்க வந்திருந்ததால் மேட்டில் யாரும் இல்லை.

"மேட்டுப் பக்கம் நிக்கிறவங்க அள்ளுங்க," என்று கத்தினாள். "அள்ளி அடுத்த ஆளுக்குக் குடுங்க. நின்ன எடத்துலேயே நில்லுங்க, யாரும் ஓடாதீங்க. கைமாத்துங்க."

வரிசை ஏற்கெனவே நின்றிருந்தது. மன்னர்களே நிறுத்தி வைத்திருந்தார்கள். அது வேலை செய்யத் தொடங்கியது.

மண் வந்தது. நீலத் துணி மூட்டைகளில் வந்தது. துணி போதாத இடத்தில் தலைப்பாகையில் வந்தது, சேலை முந்தானையில் வந்தது, முரசடிப்பவன் கிழித்த முரசின் உட்குழிவில் வந்தது. மலைச்சரிவு வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். போன முறை ஆராய்ச்சிக்குக் கை உயர்த்தியவர், வளவனே எண்ணியிருந்தான். அவர் தம் பட்டு அங்கவஸ்திரத்தை விரித்து ஏந்தினார். அவருக்கு அடுத்து நின்றவள் யாரோ புதுப்பெண், கையில் மருதாணி காயவில்லை. அவளுக்கு அடுத்து ஒரு படைவீரன். ஏரியின் மறு கரை நாடுகளின் பேச்சு இங்கே யாருக்கும் சரியாகப் புரியாது. மூட்டையைக் கைமாற்ற அது தேவைப்படவில்லை. எந்த மண்ணும் எந்தச் சாவடியிலும் நிற்கவில்லை.

வித்தகனார் குடையின் கீழிருந்து வளவனை அழைத்தார்.

"ஏன் நிற்கிறாய்? எண்ணு."

வளவன் வரிசையை ஒட்டி நடந்தான். திரும்பி வந்தான்.

"எண்ண முடியலீங்க ஐயா. ஒரு கையும் வெறுமையா இல்ல."

"உயர்த்தச் சொல்."

"உயர்த்தினா மண்ணு கொட்டிடும்."

"கொட்டினால் என்ன?"

வளவன் கீழே சாவடியைப் பார்த்தான். வித்தகனாரும் பார்த்தார். ஆனால் அவருக்கு அங்கே ஒரு கூரை மட்டும்தான் தெரிந்தது.

உடைப்புக்குள் இடுப்பளவு சேற்றில் நின்றிருந்த சடைச்சி நிமிர்ந்தாள். "எண்ணுறவரே, அந்தக் கோல இப்படிக் குடுங்க. மண்ணு நிக்க மாட்டேங்குது, முட்டுக் குடுக்கணும்."

எண்ணுகோலைக் கீழே வைக்கக் கூடாது என்று விதி இருந்தது. பிறர் கையில் கொடுக்கக் கூடாது என்று விதி இல்லை. வளவன் கொடுத்தான். அவள் அதைச் சேற்றில் செங்குத்தாக இறக்கினாள். மணிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் மறைந்தன.

இப்போது அவன் கைகள் வெறுமையாக இருந்தன. அந்த ஒரு கணம் ஏழு நாடுகளிலும் சட்டப்படி வாக்கு உள்ள ஒரே குடிமகன் அவன்தான். பிறகு இடப்பக்கம் நின்றவர் ஒரு மூட்டையை அவன் கையில் வைத்தார். அது கனமாக இருந்தது. கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருந்தது, எத்தனையோ கைகள் பட்டு வந்ததால். அவன் அதை வலப்பக்கம் கொடுத்தான்.

மூட்டைகள் வித்தகனார் வரையிலும் வந்தன.

"என்னிடம் ஏன் தருகிறீர்கள்?" என்றார் அவர்.

"அடுத்த ஆளு நீருதானே," என்றான் படைவீரன்.

"இது என் பணியில் அடங்காது," என்று சொல்லிக்கொண்டே வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். அதற்குள் அடுத்தது வந்தது. சிறிது நேரத்தில் குடை கீழே கிடந்தது. யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மாலையில் மழை விட்டது. கரை நின்றது. எல்லைக்கல் இருந்த இடத்தில் செம்மண்ணும் நீலத் துணியுமாக ஒரு மேடு எழுந்திருந்தது. கீழே சாவடிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். சாத்தப்பர் மேசையின் மேல் ஏறி நின்று, இரண்டு தோளிலும் இரண்டு குழந்தைகளை வைத்திருந்தார். "சரக்கு நனையல," என்றார்.

மறுவாரம் எழுவர் பேரவையில் விசாரணை. ஓடைநாட்டு மன்னரின் செம்மண்ணைத் திருடியது, ஏழு நாட்டுக்கும் பொதுவான திரையைக் கிழித்தது, தீர்வை கட்டாமல் மண்ணை எல்லை தாண்டிக் கடத்தியது, வாக்கெடுப்பைக் குலைத்தது என்று சடைச்சி மேல் குற்றச்சாட்டுகள். தண்டனை என்ன என்று முதலிலேயே எழுதியிருந்தார்கள். ஏரியின் நடுவில் ஒரு தீவு உண்டு. அங்கே அனுப்பப்பட்டவர்கள் திரும்பியதில்லை. அவள் மகனும் கூடப் போக வேண்டும்.

மற்ற ஆறு நாட்டு எண்ணுகோல்களிலும் ஒரு மணிகூட மேலே போயிருக்கவில்லை. வாக்கெடுப்பின் முடிவைச் சொல்ல வளவனை அழைத்தார்கள். சடைச்சி ஒரு தூணின் ஓரம் நின்றாள். வளவன் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டியது மறந்துவிடும் என்று பயந்தான்.

"கரை ஒழுகுகிறது என்று எத்தனை பேர் கை உயர்த்தினார்கள்?" என்று கேட்டார் ஓடைநாட்டு மன்னர்.

"எண்ணிக்கையில் யாரும் இல்லை, மன்னா. வெறுமையாக உயர்ந்த கை என்று நான் எண்ணியது ஒன்றுகூட இல்லை. தலைவர் அருகிலேயே இருந்தார். அவரைக் கேட்கலாம்."

எல்லாரும் வித்தகனாரைப் பார்த்தார்கள். அன்று தம் கைகள் எப்படி இருந்தன என்பது அவருக்கு நினைவிருந்தது. அவர் நகக்கண்களில் செம்மண் இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. கைகளை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டார்.

"உண்மை," என்றார்.

"அப்படியென்றால்?"

வளவன் சொன்னான். "ஏழு நாட்டு மக்களின் நேரடித் தீர்ப்புப்படி கரை ஒழுகவில்லை, மன்னா. ஒழுகாத கரையை யாரும் அடைத்திருக்க முடியாது. அடைக்காத கரைக்கு மண் தேவைப்பட்டிருக்காது. தேவைப்படாத மண்ணை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்."

"என் செம்மண் மேடு எங்கே?"

வித்தகனார் கண்களை மூடினார். வேறு வழியில்லை. "தங்கள் மேடு இருந்த இடத்தில்தான் இருக்க வேண்டும், மன்னா. அதை அசைப்பதற்கான காரணம் எதுவும் சட்டப்படி நிகழவில்லை."

மக்கள் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் மன்னர்களுக்கு இல்லை என்று அவர்களே முரசறைந்திருந்தார்கள். நடக்காத குற்றத்திலிருந்து சடைச்சியை விடுவித்தார்கள். கரை ஒழுகாமல் காத்ததற்காக மன்னர்கள் ஒருவருக்கொருவர் பட்டம் வழங்கிக்கொண்டார்கள்.

வாசலில் சடைச்சி அவனைக் கடந்து போனாள். "நல்லாத்தான் படிச்சிருக்கீங்க," என்றாள். இந்த முறை சிரித்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கு முன்பும் வாக்கெடுப்பு நடக்கிறது. ஏழு நாட்டு மக்களும் கரையின் மேல் வந்து நிற்கிறார்கள். இப்போது யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனாலும் வட்டத்தில் இடைவெளி விழுவதில்லை. கொம்பு ஊதும்போது ஒரு கையும் வெறுமையாக இருப்பதில்லை. ஒரு பக்கமாக மண் போகிறது. மறு பக்கமாக ஏரிக்குள்ளிருந்து எடுத்த சாம்பலும் கழிவும் எச்சில் இலையும் கைமாறிக் கைமாறி, எங்கிருந்து வந்தனவோ அங்கேயே போகின்றன. அரண்மனை வாசல்களில் அவை மலைபோல் குவிகின்றன. யார் கொட்டியது என்று மன்னர்கள் கேட்கிறார்கள். எண்ணிக்கைப்படி அன்று கரையில் யாருமே இருந்ததில்லை.

பொது விஷயங்களில் மக்களுக்கு அக்கறை போய்விட்டது என்று வித்தகனார் ஆண்டுதோறும் வருத்தத்துடன் அறிவிக்கிறார். ஏரித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏன் இறங்குகிறது என்று ஆராய ஒரு குழு அமைத்திருக்கிறார்கள்.

அந்த முதல் ஆண்டிலேயே தாழ்நாட்டுத் தெருக்களில் பாசி காய்ந்து உதிர்ந்தது. வளவன் கட்டிலின் கீழே வைத்த செங்கற்களை எடுத்தான். காய்ந்த தரையில் மல்லி நடக்கப் பழகினாள். அவன் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இடப்பக்கம் நின்றவர் எந்த நாடு என்று தெரியாது. வலப்பக்கம் கை நீட்டிய பெண்ணின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை, மணிக்கட்டில் ஒரு தழும்பு மட்டும் நினைவிருக்கிறது. பட்டு அங்கவஸ்திரக்காரரையும் மருதாணிப் பெண்ணையும் மறுபடி பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பது ஐயம். பூவரசி இருந்திருந்தால் யார் யார் என்று விசாரித்து வைத்திருப்பாள். அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

தெரிந்த ஒருத்திக்காவது சொல்லிவிட வேண்டும் என்று ஒருநாள் மாலை கரைக்குப் போனான். புது மேட்டின் மேல் சடைச்சி உட்கார்ந்திருந்தாள். மல்லி அவள் மடியில். இப்போது அந்தக் குழந்தைக்குப் பால் தேவைப்படவில்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு அங்கே போகாவிட்டால் அழுவாள்.

வளவன் அவள் முன்னால் நின்றான். கைகள் இரண்டையும் தலைக்கு மேல் உயர்த்திக் குவித்தான். கழுவிய கைகள்.

சடைச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னத்துக்கு இப்படித் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க? எண்ண இங்க யாரு இருக்கா?" என்றாள். "கையக் கீழ எறக்குங்க. புள்ளையப் பிடிங்க. எனக்கு வேலை கெடக்கு."

அவன் கைகளை இறக்கினான். அவள் குழந்தையைத் தூக்கி அவற்றில் வைத்தாள்.